என் மூக்குக்காக அவர் செய்த செம்புக் கலன்கள்

எனக்கு மணம் தெரியாமல் போய்விட்டது என்பதைக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான். உலகம் முழுக்கப் பரவிய அந்தத் தொற்று எங்கள் வீட்டுக்கும் வந்து, காய்ச்சல் விட்டு, இருமலும் அடங்கி, நான் மறுபடி குசினிக்குள் நிற்கத் தொடங்கியிருந்த நாட்கள். அடுப்பில் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்தபடி, பக்கத்தில் திரும்பி நின்று பருப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அறைக்குள்ளிருந்து ஓடிவந்து சட்டியை இழுத்துக் கீழே வைத்தார்.

"கருகிப் புகையுது. உமக்கு மணக்கேல்லையோ?"

சட்டியைப் பார்த்தேன். எல்லாம் கரியாகிக் கிடந்தது. கண்ணில் புகை எரிந்தது. மூக்கில் மட்டும் ஒன்றுமே இல்லை. தடிமன், மூக்கடைப்பு என்று நினைத்தேன். இரண்டு பேரும் யன்னலைத் திறந்துவிட்டுச் சிரித்தோம் என்றுகூட நினைவு.

தடிமன் இல்லை. கிழமைகள் போய், குளிரும் போய், சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் கட்டடத்துக்கு முன்னாலிருந்த லிண்டன் மரம் பூத்துக் கொட்டியது. அதன் கீழே பஸ்சுக்கு நிற்கிறவர்கள் தலையை நிமிர்த்தி மூச்சிழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். சூப்பில் என்ன குறைகிறது என்பதை மூடியைத் திறந்ததும் சொல்லக்கூடியவள் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. பழுதான கிறீமை ஒருநாள் இனிப்புக்குள் ஊற்றப் போனேன். பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துவிட்டார். அதன் பிறகு பொறுப்பாளர் என்னைப் பாத்திரம் கழுவும் பக்கத்துக்கு மாற்றினார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மூக்கு வைத்தியர் ஒரு பெண். மணத்தை உணரும் நரம்பு நுனிகள் பழுதாகியிருக்கின்றன என்றும், சிலருக்கு அவை திரும்ப வளரும், சிலருக்கு வளராது என்றும் விளக்கினார். காலையும் மாலையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி நாலு சின்னப் போத்தல்கள் எழுதித் தந்தார். ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். கைகால் வழங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல மூக்குக்கு ஒரு பயிற்சி. மணம் வராவிட்டாலும் அந்தப் பொருளை மனத்தில் நினைத்துக்கொண்டு முகர வேண்டும்.

ரோசாப் போத்தலைத் திறந்து ரோசாவை நினைத்துக்கொண்டு நான் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்த ஒரு காலை, என் கணவர் அதை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"இது ரோசாப்பூவே? சவர்க்காரம் மாதிரிக் கிடக்கு. இதை மணந்து என்னெண்டு ஞாபகம் வரும்?"

அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

அவர் கூரைத் தகட்டு வேலை செய்கிறவர். ஸ்பெங்லர் என்பார்கள் இங்கே. பழைய வீடுகளின் மழைநீர்ப் பீலிகள், புகைபோக்கியைச் சுற்றி வரும் தகடுகள், எல்லாம் செம்பு. இருபது வருடத்துக்கு மேலாக அதை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் வந்த கை. எமென்டால் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குக் கூரை வேலைக்குப் போனபோது, அங்கே செரிப்பழச் சாராயம் வடிக்கும் பெரிய செம்புக் கலனைப் பார்த்திருக்கிறார். வயிறு பெருத்த பானை, மேலே வெங்காயம் போல ஒரு தலை, அதிலிருந்து வளைந்து போகும் குழாய். சாராயத்துக்கு அனுமதி வேண்டும், பூவும் இலையும் வடிப்பது வேறு கதை என்று பண்ணைக்காரர் சொன்னாராம். என் கணவர் அதை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, செய்யப் போவது சின்னக் கலன், பூவுக்குத்தான், ஒரு துளி மதுவும் இல்லை என்று விளக்கி, முறைப்படி கேட்டுக்கொண்டுதான் தொடங்கினார். விதி மீறுகிற ஆள் இல்லை அவர். பஸ்சில் ரிக்கெற் இல்லாமல் ஒரு தரிப்பிடம்கூடப் போகமாட்டார்.

எங்கள் கட்டடத்தின் நிலத்துக்குக் கீழே, குடியிருப்பவர்கள் கைவேலை செய்வதற்கென்று ஒரு அறை இருந்தது. அப்போது யாரும் பாவிக்கவில்லை. கட்டடப் பராமரிப்பாளரிடம் கேட்டுக் கதவுத் திறப்பை வாங்கினார். தன் முதலாளி கழிவாக ஒதுக்கிய செம்புத் தகட்டுத் துண்டுகளைக் கேட்டுவாங்கி அங்கே அடுக்கினார். மட்டையில் அளவு வெட்டினார். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு இறங்கிவிடுவார். சனிக்கிழமைகளில் நானும் போய்ப் பிடித்துக் கொடுப்பேன்.

செம்பைப் பற்றி எனக்கு முன்னர் ஒன்றும் தெரியாது. அடிக்க அடிக்க அது இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சுத்தியலைத் திருப்பி எறியும். அப்போது சுடர் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். சீறிக்கொண்டு வெளியே வரும்போது அது துணிபோல இளகியிருக்கும். பிறகு மறுபடி அடி, மறுபடி இறுக்கம், மறுபடி நெருப்பு. மணல் நிரப்பிய சாக்கின் மேல் தகட்டை வைத்து அவர் அடித்துக் குழிவாக்குவார். நான் எதிர்ப்பக்கம் நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். கை முழங்கை வரை அதிரும். அந்த அதிர்வு எனக்குப் பிடித்திருந்தது. உலகம் மூக்கின் வழியாக வராமல் போன பிறகு, கையின் வழியாக வந்த எதுவும் பெரிதாகத் தெரிந்தது.

குழாயைச் சுருளாக வளைப்பதுதான் அவரை ஆட்டிவைத்தது. கூரை வேலையில் அப்படி ஒரு வேலை இல்லை. முதல் குழாயை ஒரு மரக்கட்டையைச் சுற்றி வளைத்தபோது நடுவில் நசுங்கி மடிந்துவிட்டது. உள்ளே மணல் இறுக்கி நிரப்பினால் நசுங்காது என்று பிறகு அறிந்து, இரண்டாவதை வளைத்தார். அதிலும் ஒரு இடம் சற்றுச் சப்பைதான். அதை ஒரு வாளிக்குள் இறக்கி, வாளியில் குளிர்ந்த தண்ணீர் நிற்கும்படி செய்தார். மூட்டுகளை ஈயம் கலக்காத வெள்ளிப் பற்றாசால் ஒட்டினார். தலையும் பானையும் சேருமிடத்தில் ஆவி கசிந்தால் றை என்கிற தானிய மாவைக் குழைத்துப் பூசலாம் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். அந்த மாவை நான்தான் குழைத்துக் கொடுத்தேன். ரொட்டிக்குக் குழைக்கிற பதம்.

முதலாவது கலன் முடிந்த நாள் அதை எலுமிச்சம் பாதியும் உப்பும் போட்டுத் தேய்த்தோம். இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. வெறும் தண்ணீரும் வினாகிரியும் ஊற்றி ஒருமுறை வடித்துக் கலனைச் சுத்தமாக்கிவிட்டு, அடுத்த நாள் ரோசா. மேல்மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற சுவிஸ் பெண்மணிக்கு ஊர் ஓரத்தில் ஒரு தோட்டத் துண்டு இருந்தது. கதை கேட்டு, ஒரு கூடை ரோசாப்பூவை அவரே பறித்துக் கொண்டுவந்து தந்தார். பல்கனியில் மின் அடுப்பின் மேல் கலனை ஏற்றி, இதழ்களை உள்ளே போட்டு, தண்ணீர் விட்டு, மாவால் மூட்டைப் பூசி, இரண்டு பேரும் சின்ன வாங்குகளில் குந்தியிருந்தோம். நேரம் போனது. குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, கண்ணாடிக் குவளைக்குள் விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவர் குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு ஒருமுறைதான் பார்த்திருந்தேன், எங்கள் மகள் பிறந்த அறையில்.

"இந்தாரும். இது ரோசா."

நான் குவளையை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். இளஞ்சூடான ஈரம் உதட்டில் பட்டது.

"இல்லையப்பா."

"ஆறுதலா, மெல்ல இழுத்துப் பாரும்."

"இழுத்தனான். ஒண்டும் தெரியேல்லை."

அவர் குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குழாய் சப்பையாப் போன இடத்திலை ஆவி சரியாக் குளிரேல்லை. பாதி மணம் அங்கையே போயிட்டுது. பிழை கலனிலைதான்."

பிழை கலனில் இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மேல்மாடிப் பெண்மணி படியால் இறங்கி வந்து கதவைத் தட்டினார். தன்னுடைய ரோசா கட்டடம் முழுக்க மணக்கிறது என்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துச் சொன்னார். ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தோம்.

இரண்டாவது கலனுக்குக் குழாய் நீளமாக, ஒரு நசுக்கமும் இல்லாமல் வளைந்தது. அதில் லவெண்டர் வடித்தார். இல்லை. பூ அடியில் பிடித்துக் கருகிவிட்டது, அதுதான் காரணம் என்றார். மூன்றாவது கலனுக்குள் துளையிட்ட ஒரு தட்டு வைத்து, பூ தண்ணீரில் படாமல் ஆவியில் மட்டும் வேகும்படி செய்தார். அதன் கழுத்து உயரம். அடித்த சுத்தியல் தடம் ஒவ்வொன்றும் மீன் செதில்போல ஒழுங்காக இறங்கும். உண்மையில் அழகான பொருள். அவரோடு வேலை செய்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, விற்பாயா என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டி மறுத்தார். அதில் எலுமிச்சைத் தோல், தோடம்பழத் தோல், கறுவா, ஏலக்காய், பைன் மரத்துக் கொழுந்து, கடையில் வாங்கிய கறிவேப்பிலை, வறுத்த மல்லி, கோப்பி என்று ஒன்றன்பின் ஒன்றாக வடித்தார். ஒவ்வொரு முறையும் குவளையைக் கொண்டுவந்து நீட்டுவார். ஒவ்வொரு முறையும் நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லலாம் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் ஒருமுறை ஓம் என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன மணம், எப்படி மணம் என்று கேட்பார். அந்தப் பொய்ச் சந்தோசத்தை நான் வாழ்நாள் முழுக்கக் காவிச் சுமக்க வேண்டும். என்னால் முடியாது.

என் வீட்டில் என்ன மணக்கிறது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் நான் அறிந்துகொண்டேன். லிஃப்றில் வருகிறவர்கள், "இன்றைக்குக் கறுவாவா?" என்பார்கள். வேலையிடத்தில் ஒருத்தி என் குளிர்கோட்டைத் தொட்டு, "உன்னோடு ஒரு காடே வருகிறது" என்றாள். நான் சிரிப்பேன். கீழே சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் குசினிக் கதவைச் சாத்திக்கொள்வேன். இன்னொரு கலன், இன்னொரு குவளை, இன்னொரு இல்லை. என் மூக்கு செத்துப்போனதை நான் எப்படியோ பழகிக்கொண்டேன். குவளையை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் அவருடைய கண்களைத்தான் பழக முடியவில்லை.

ஒருநாள் கேட்டேன். "இஞ்சேருங்கோ, இதை நிப்பாட்டுவமே?"

"ஏன் நிப்பாட்டவேணும்? டொக்டர் வராது எண்டு சொல்லேல்லையே."

"வரும் எண்டும் சொல்லேல்லை."

"அதுதான் சொல்லுறன். வராது எண்டு சொல்லேல்லை."



அந்த மாரிக் குளிருக்குள் எங்கள் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவள் கணவரோடு ஊஸ்டரில் இருக்கிறாள். நாங்கள் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தோம். மகள் பிள்ளையை என் கையில் வைத்தாள். வருகிறவர்கள் எல்லோரும் செய்வதைப்போல நானும் பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்தேன். சூடு இருந்தது. மயிர் பஞ்சுபோலப் பட்டது. உள்ளே மூச்சு இழுத்தேன். ஒன்றும் இல்லை. பிள்ளை ஒரு படத்துக்குள் இருப்பதுபோலவும் நான் வெளியே நிற்பதுபோலவும் இருந்தது. நான் அழவில்லை. அழுதால் மகளும் கலங்கி அவளுக்குப் பால் சுரக்காது என்று யாரோ சொல்லியிருந்த பயம். பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய், கழுவியிருந்த கோப்பைகளையே மறுபடி கழுவினேன். அவர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது தெரியும்.

குளிர் விட்ட பிறகு மகள் பிள்ளையோடு எங்களிடம் வந்து சில நாட்கள் நின்றாள். ஒரு ஞாயிறு முற்பகல், மருமகன் வந்து கூட்டிப்போகும் நேரம் நெருங்கியதால் அவள் பிள்ளையின் உடுப்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊத்தை உடுப்புக் கூடையிலை கிடந்த பெனியனுகள் எங்கை? மெஷினிலை போட்டிட்டீங்களோ?"

நான் போடவில்லை. அவள் தேடிக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்தாள். நானும் பின்னால் போனேன். உயரக் கழுத்துக் கலன் அடுப்பில் இருந்தது. என் கணவர் பக்கத்தில் குந்தியிருந்து துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் நிற்பதைக் கண்டும் எழும்பவில்லை.

"அப்பா, இதுக்குள்ளை என்ன?"

"பிள்ளையின்ரை பெனியன்."

"பிள்ளையின்ரை உடுப்பை ஏன் அவிக்கிறீங்கள்?"

"அவிக்கேல்லை. வடிக்கிறன். அம்மாவுக்கு."

மகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாதியில் அவருடைய முகத்தைக் கண்டு நின்றுவிட்டாள். "அப்பா, அது பூ இல்லை. அதை இப்பிடி எடுக்க ஏலாது" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவர் குவளையில் கால்வாசி நிரம்பும் வரை காத்திருந்தார். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு, குவளையை எடுத்து என்னிடம் நீட்டினார். மகள் பக்கத்தில் நின்றாள். உள்ளே பிள்ளை சிணுங்குவது கேட்டது.

நான் முகர்ந்தேன். எல்லா முறையையும்விட ஆழமாக, நெஞ்சு நோகும்வரை இழுத்தேன்.

"இல்லையப்பா."

அவர் குவளையை வாங்கித் தானும் முகர்ந்தார். பழுதைத் தேடும் அந்தப் பார்வை வரவேயில்லை. கலன் பக்கம் திரும்பவுமில்லை.

"ஓம்," என்றார். "இதிலை ஒண்டும் இல்லை. ஈரத்துணிதான்."

தண்ணீரைப் பல்கனிப் பூச்சாடிக்குள் ஊற்றினார். மகள் அவருடைய தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை ஒருமுறை தட்டிவிட்டு, கலனுக்குள்ளிருந்து பெனியன்களை இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, பிழிந்து, கொடியில் ஒவ்வொன்றாக உடுப்புக் கவ்வி போட்டுக் காயவிட்டார்.

அதன் பிறகு அவர் கீழறைக்குப் போகவில்லை. கோடை முடிகிற நேரம் மூக்கு வைத்தியரிடம் மறுபடி போனோம். மணக்குச்சிகளை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்து, எது என்று ஊகிக்கச் சொன்னார்கள். நான் ஊகித்தேன். எல்லாம் ஊகம்தான். வைத்தியர் கதிரையை இழுத்து எனக்கு நேரே இருந்து, இவ்வளவு காலம் போன பிறகு மாற்றத்தை எதிர்பார்ப்பது கடினம் என்றார். வீட்டில் புகை அலாரம் பூட்டச் சொன்னார். சாப்பாட்டுப் பொருட்களின் திகதியைப் பார்த்துப் பாவிக்கச் சொன்னார். "இனி நீங்கள் வரத் தேவையில்லை" என்று கைகொடுத்தார். வேறு நோய் வருத்தங்களுக்கு அந்த வசனத்தைக் கேட்டால் ஆட்கள் சந்தோசப்படுவார்கள். என் கணவர் அவருக்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும் டிராம் வரும் திசையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை தகடு வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். சத்தம் வித்தியாசமாக இருந்ததால் நானும் போனேன். முதலாவது கலனும் இரண்டாவதும் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடந்தன. சுருள்குழாய்களை நெளித்து ஒரு பெட்டிக்குள் போட்டிருந்தார். உயரக் கழுத்துக் கலன் மட்டும் வேலை மேசையின் மேல் நின்றது.

"இதை விடுங்கோ," என்றேன். "இது வடிவாயிருக்கு. வீட்டிலை வைப்பம்."

"வைச்சு?"

"சும்மா. பார்க்க."

"உமக்கு அதைப் பார்க்கேக்கை என்ன ஞாபகம் வரும்?"

அவர் சரியாகத்தான் கேட்டார். கழுத்து சேருமிடத்தில் கத்திரியை வைத்தார். அந்த இடம் இரட்டைத் தகடு, லேசில் வெட்டுப்படவில்லை. இரண்டு கையாலும் அழுத்தி, முழங்காலை ஊன்றி வெட்டினார். நான் மறுபக்கம் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை செம்பில் சொட்டியது. துண்டுகளை முதலாளியின் கழிவுச் செம்புத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அறையைக் கூட்டி, திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது அந்த அறையில் புதிதாக வந்த ஒரு குடும்பம் சைக்கிள்களை வைத்திருக்கிறது.

சத்தம் நின்றால் நிம்மதியாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த பிறகு அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். தொலைக்காட்சி ஓடும். பார்க்கிறாரா தெரியாது. தாங்க முடியாமல் ஒருமுறை, "ஏதாவது செய்யுங்கோவன், செம்பிலை. ஒரு பூச்சாடி, ஒரு தட்டம், என்னவாவது" என்று சொன்னேன். "என்னத்துக்கு?" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டார். மேல்மாடிப் பெண்மணி இந்த வருடமும் ரோசாப்பூ வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். பிறகு கேட்கவில்லை.

அவர் இப்போது முகத்துக்கு வாசனைத் தண்ணீர் பூசுவதில்லை. சாமி அறையில் ஊதுபத்தி கொளுத்துவதையும் விட்டுவிட்டார். நான் சொல்லி அவர் விடவில்லை. சாப்பாட்டுக்கு இருக்கும்போது, கறி நல்ல வாசம் என்று முன்பு சொல்கிறவர், இப்போது உறைப்புச் சரி, உப்புச் சரி என்று மட்டும் சொல்கிறார்.

போன கிழமை மகள் பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளை இப்போது நடக்கத் தொடங்கிவிட்டது. நான் குளியலறையிலிருந்து துவாய்களை எடுத்துக்கொண்டு அறைப்பக்கம் வந்தேன். அவர் கட்டிலில் குந்தியிருந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தார். கண்ணை மூடி, அதன் தலைமயிருக்குள் மூக்கைப் புதைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் பிடிபட்டவர் போல முகத்தைச் சட்டென்று நிமிர்த்தி, யன்னலுக்கு வெளியே எதையோ பிள்ளைக்குக் காட்டினார்.

நான் காணாததுபோல அலமாரியைத் திறந்து துவாய்களை அடுக்கத் தொடங்கினேன்.